மாடி போர்ஷன், கண்டிஷன் எதுவும் இல்ல

பார்த்து வாங்க, மூணாவது படி கொஞ்சம் ஆடும். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு, எங்கப்பா கொத்தனாரைக் கூப்பிடவே மாட்டேங்குறாரு. போர்டு பார்த்துட்டுத்தானே வந்தீங்க? இப்பதாங்க மாட்டினேன். முன்னாடி இருந்தவங்க சாமான் வண்டி தெருமுனைகூட திரும்பல, நான் ஆணியடிச்சுட்டேன். ஆமா, கோவம்தான். பின்ன, ஆரத்தி எடுத்தா அனுப்பி வைப்பாங்க?

செருப்பு வெளியவே விட்டுடுங்க. கண்டிஷன் எல்லாம் இல்ல, சும்மா சொன்னேன்.

முதல்லயே சொல்லிடறேன், எங்க வீட்ல கண்டிஷன்ங்கற பேச்சே கிடையாது. இந்த உறையூர்ல எத்தனை வீடு ஏறி இறங்கியிருப்பீங்க? என்ன ஆளுங்க, எந்த ஊரு, கல்யாணம் ஆயிடுச்சா, தனியா ஏன் இருக்கீங்க, அப்பா என்ன பண்றாரு, எல்லாம் கேட்டிருப்பாங்கல்ல? நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பேர்கூட கேக்க மாட்டேங்க. பேரைக் கேட்டாலே பாதி தெரிஞ்சிடுது, என்ன மதம், என்ன ஆளுன்னு. அதனால கேக்கறதே இல்ல. அது என் கொள்கை.

இது ஹாலு. காத்து பிச்சுக்கிட்டு வரும். இது பெட்ரூம். அந்த ஆணியெல்லாம் அவங்க அடிச்சது. இது கிச்சன். மேடையில அந்த வெள்ளையா ஒரு கறை தெரியுது பாருங்க, அது அழுக்கு இல்ல, பால். எங்கப்பா காய்ச்சினது. அந்தக் கதைய சொன்னா சிரிப்பீங்க. உக்காருங்களேன், ஜன்னல் திட்டுல உக்காருங்க. எனக்கு பதினொரு மணிக்கு ஆபீஸ் கால் இருக்கு, அதுவரைக்கும் ஃப்ரீதான்.

போன ஆனி கடைசியில வந்தாங்க ரெண்டு பேரும். அவ பேரு ஜாஸ்லின், ஆஸ்பத்திரியில பிசியோதெரபி பண்றா. அவன் தென்னவன், துவாக்குடி பக்கம் ஒரு கம்பெனியில டிராயிங் போடறான். வந்து நின்னதுமே அவ சொல்லிட்டா, "எங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. ரெண்டு வீட்லயும் பேச்சுவார்த்தை கிடையாது. பொய் சொல்லி வீடு எடுக்கப் பிடிக்கலை"ன்னு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க! இந்தத் தெருவுல இப்படி ஒரு வார்த்தை கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு! இந்தத் தெரு என்ன தெருங்கறீங்க, மியூசியம். டிக்கெட் மட்டும்தான் குடுக்கல.

கீழ போய் அப்பாகிட்ட சொன்னேன். அம்மா இல்லைங்க, நான் பத்தாவது படிக்கும்போதே தவறிட்டாங்க. அப்பா கரண்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்டு. நெத்தி பூரா விபூதி, ஈரத்துண்டு, வாயத் திறந்தா ராகுகாலம் எமகண்டம். காலண்டரைக் கேக்காம பல்லுகூட விளக்க மாட்டாரு. அவர் என்ன சொல்வாருன்னு தெரியாதா எனக்கு? முழுசா கேட்டாரு. கேட்டுட்டு, "எப்ப வர்றாங்களாம்?"னாரு. அடுத்த வாரம்னேன். "ஆடியில குடி வர வேணாம் பாப்பா"ன்னாரு.

பார்த்தீங்களா? ஆடியாம்! நேரா, கல்யாணம் ஆகாத பசங்களுக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட ஒரு மனுஷன்னு மதிச்சிருப்பேன். சொல்ல தைரியம் இல்ல. ஆடி மேல பழியப் போடறாரு. விடுவேனா நான்? கிழி கிழின்னு கிழிச்சுட்டேன். தாலின்னா என்ன, தனி மனுஷ சுதந்திரம்னா என்ன, சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுது, எல்லாம் சொன்னேன். அவரு தோசை சாப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. நான் மூச்சு விட நிறுத்தினப்ப, "இல்ல பாப்பா, ஆடிங்கறதால சொன்னேன்"னாரு. மறுபடியும் ஆடி! இன்னொரு ரவுண்டு குடுத்தேன். கை கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

மறுநாள் காலையில மாடியில ஏதோ சத்தம். வந்து பார்த்தா, குளிச்சுட்டு, கீழ இருந்து சின்ன ஸ்டவ்வைத் தூக்கிட்டு வந்து, இதோ இந்த மேடையில வச்சு, அம்மாவோட பித்தளைச் செம்புல பால் காய்ச்சிக்கிட்டு இருக்காரு. அன்னிக்கு ஆனி கடைசி நாளாம். ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சி வச்சுட்டா குடி வந்த கணக்காம், அப்புறம் சாமான் எப்ப வேணா வரலாமாம். "அந்தப் பசங்களை வரச் சொல்லு பாப்பா"ன்னாரு. பொங்கி வழிஞ்ச பாலைத் துடைக்கவும் விடல. கறை நின்னுபோச்சு.

எனக்கு வந்த சிரிப்பு இருக்கே! கொள்கையில தோத்துட்டாரு, பாலைக் காய்ச்சி மானத்தைக் காப்பாத்திக்கிட்டாரு. போகட்டும் பெரியவர்னு நானும் விட்டுட்டேன். ஆனா ஜெயிச்சது யாரு? நான்தானே? அவங்களுக்கு இந்த வீட்டை வாங்கிக் குடுத்தது நான். இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

வந்தாங்க. எனக்குப் பெருமை தாங்கல. ஃபேஸ்புக்ல எனக்கு ஒரு பேஜ் இருக்கு, நான் எழுதுவேன், நிறைய பேரு படிப்பாங்க. படிக்கட்டுல அவங்க ரெண்டு ஜோடி செருப்பு கிடந்துது, அதை அழகா போட்டோ எடுத்து, 'எங்கள் வீட்டு மாடியில் ஒரு புரட்சி குடியிருக்கிறது'ன்னு போட்டேன். என்ன வரவேற்பு தெரியுமா! சாயந்திரம் ஜாஸ்லின் இறங்கி வந்தா. "வல்லி, அதை எடுத்துடேன். ஊர்ல யாராச்சும் பார்த்தா கஷ்டம்"ங்கறா. எனக்கு சப்புன்னு ஆயிடுச்சு. பயந்து பயந்து வாழறதுக்கு எதுக்குங்க இந்த வாழ்க்கை? எடுத்துட்டேன். ஆனா எதிர்வீட்டு ராஜாத்தியக்கா கேட்டப்ப மறைக்கல. "ஆமாக்கா, கல்யாணம் ஆகலை, சேர்ந்துதான் இருக்காங்க, நாங்கதான் வீடு குடுத்திருக்கோம்"னு தெருவே கேக்கற மாதிரி சொன்னேன். அந்தம்மா மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே! ஒரு வாரத்துக்கு எனக்கு அந்த நினைப்பே போதும். இதே ராஜாத்தியக்கா எங்கப்பாகிட்டயும் போய்க் கேட்டிருக்காங்க. அவரு என்ன சொன்னாருன்னு நினைக்கறீங்க? "நம்ம பசங்கதாம்மா." அவ்வளவுதான். ஒரு நிலைப்பாடு கிடையாது, ஒண்ணு கிடையாது. மழுப்பல்.

இருங்க, குக்கர் வச்சுட்டு வந்தேன், விசில் எண்ணணும்... ரெண்டா? சரி, இன்னும் ஒண்ணு வரட்டும்.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், அவங்க. சுதந்திரமா இருக்கறதுன்னா அதுக்கு ஒரு லட்சணம் வேணும்ங்க. வந்த முதல் ஆடி வெள்ளிக்கிழமையே மாடியில மீன் வறுக்கற வாசனை. எங்க வீட்ல சைவம். அப்பா எந்திரிச்சு ஜன்னலைச் சாத்திட்டு வந்து பேப்பர் படிச்சாரு, அவ்வளவுதான். எதிர்த்துப் பேசற பழக்கமே இல்ல அவருக்கு. நான் அப்படி இல்ல, மேல வந்து மூஞ்சிக்கு நேரா சொன்னேன். "தாராளமா சாப்பிடுங்க, சாப்பாடு உங்க உரிமை. வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம். செவ்வாய்க்கிழமையும் பார்த்துக்கோங்க. அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம் நானே முந்தின நாள் மெசேஜ் போட்டுடறேன். மத்த நாளெல்லாம் உங்க நாள்தான்." தென்னவன், "மத்த நாளுன்னா எது வல்லி, புதன்கிழமையா?"ங்கறான். நக்கல்!

அப்புறம் துணி. அந்த வீட்ல துணி துவைச்சுக் காயப்போடறது அவன்தான். எனக்கு சந்தோஷம்தாங்க. வேலையைப் பங்கு போடறதைப் பத்தி நானே கட்டுரை எழுதியிருக்கேன். ஆனா அவளோட உள்ளாடைய எல்லாம் இவன் மொட்டைமாடியில எதிர்வீட்டுக்குத் தெரியற மாதிரி உதறி உதறிப் போடறான்ங்க! ஒரு ஆம்பளைக்கு ஒரு கௌரவம் வேணாமா? அவ சேர் போட்டு உக்காந்து போன் பார்த்துக்கிட்டு இருக்கா. சமத்துவம்னா இதுவா? நான் அவகிட்ட தனியா சொன்னேன், "தாலி கட்டாம இருக்கறவங்க, கட்டினவங்களைவிட ஒரு படி ஒழுங்கா இருந்து காட்டணும் ஜாஸ்லின். அப்பதான் இந்தத் தெரு நம்மளை மதிக்கும்." "இந்தத் தெரு எங்களை எதுக்கு வல்லி மதிக்கணும்?"ங்கறா. வாய்!

ஒரு வெள்ளிக்கிழமை குங்குமம், வெத்தலை பாக்கு, பூ எல்லாம் தட்டுல வச்சு அவளுக்குக் குடுத்தேன். தெரியுமா, கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு, அதுவும் வேற மதத்துப் பொண்ணுக்கு, சுமங்கலி மாதிரி மரியாதை குடுத்த ஒரே வீடு இந்தத் தெருவுல எங்க வீடுதான். அவ கையில வாங்கிக்கிட்டா, சிரிச்சா, நெத்தியில வைக்கல. "எங்க வீட்ல வைக்க மாட்டோம் வல்லி"ங்கறா. எந்த வீட்ல? அதான் வீட்டை விட்டு வந்தாச்சே! பாதி வெளிய பாதி உள்ள. இந்த மாதிரி இரட்டை வேஷம் எனக்கு ஆகவே ஆகாதுங்க. ஒண்ணு அந்தப் பக்கம் இருக்கணும், இல்ல இந்தப் பக்கம்.

மூணு விசில். சரி, தானா அடங்கட்டும்.

இப்ப சொல்றேன், நடந்ததை. நியாயத்தை நீங்களே சொல்லுங்க. தீபாவளிக்கு முன்னாடி தென்னவனை ஆபீஸ்ல டிரெயினிங்னு சென்னைக்கு அனுப்பிட்டாங்க. இவ தனியா இருந்தா. ஒரு நாள் சாயந்திரம் பைக்ல ஒருத்தன் வந்தான். தாடி. கையில ஒரு பை. கீழ யாரையும் கேக்கல, நேரா மாடி ஏறிட்டான். நான் ஹால்ல இருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன், இறங்கவே இல்ல. இருட்டப் போகுது. எனக்குப் பொறுக்கல. என் வீட்டு மாடிங்கறதுக்காக இல்ல, தென்னவனுக்காக! நம்பி விட்டுட்டுப் போயிருக்கான் பையன். அவங்க டிபன் பாக்ஸ் ஒண்ணு கீழ இருந்துது, அதைக் குடுக்கற மாதிரி எடுத்துக்கிட்டு வந்தேன்.

கதவு திறந்துதான் இருந்துது. இதோ, நீங்க உக்காந்திருக்கற இடத்துல அவன். எதிர்ல தரையில இவ, அழுதுக்கிட்டு. தனியா இருக்கற பொண்ணு, தாடி வச்ச ஒரு ஆளு, கண்ணீர். யாரா இருந்தாலும் என்ன நினைப்பாங்க? "யாருங்க நீங்க?"ன்னேன். "நான் இவ அண்ணன்ங்க, லால்குடி"ங்கறான். சொல்றதுக்கு என்ன, எல்லாரும் அண்ணன்னுதான் சொல்லுவாங்க. நான் ரொம்ப மரியாதையாத்தான் பேசினேன். சத்தியமா. "அண்ணனாவே இருங்க. ஆனா தென்னவன் இல்லாத நேரத்துல வர்றது நல்லா இல்ல. இவங்க கல்யாணம் பண்ணிக்காம சேர்ந்து இருக்காங்கதான். அதுக்காக இந்த வீட்டுக்கு யார் வேணா வரலாம், போகலாம்னு அர்த்தம் இல்ல. தாலி இல்லாட்டியும் இவங்க ஒழுக்கத்துக்கு நாங்க பொறுப்பு"ன்னேன்.

எவ்வளவு பெரிய வார்த்தை அது! பெத்தவங்க சொல்லுவாங்களா?

அவன் எந்திரிச்சு நின்னுட்டான். என்னைப் பார்க்கல, அவளைப் பார்க்கறான். "கல்யாணம் ஆகலையா?"ங்கறான். "சித்திரையிலேயே ரிஜிஸ்டர் பண்ணிட்டோம்னு அம்மாகிட்ட சொன்னியே?" இவ என்னைப் பார்த்து, "வல்லி, கீழ போயேன், ப்ளீஸ்"ங்கறா. நான் எதுக்குப் போகணும்? நான் என்ன தப்பு பண்ணேன்? அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டு கடகடன்னு இறங்கிட்டான். மூணாவது படியில தடுக்கினான்கூட. பை மட்டும் இங்கயே கிடந்துது. உள்ள ஒரு பிளம் கேக்கு. அவங்கம்மா செஞ்சு அனுப்பினதாம். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்களாம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கான். சந்தோஷத்துல அழுதிருக்கா மகராணி.

சரி, எனக்கு எப்படிங்க தெரியும்? எங்ககிட்ட கல்யாணம் ஆகலைன்னு உண்மைய சொல்லுவாளாம், பெத்த தாய்கிட்ட ஆயிடுச்சுன்னு பொய் சொல்லுவாளாம். பொய் சொன்னது யாரு? அவ. உண்மைய சொன்னது யாரு? நான். கடைசியில கெட்டவ யாரு? சொல்லுங்க!

இன்னும் முடியல. சரி, கேளுங்க.

அன்னிலேர்ந்து ரெண்டு பேரும் என்கூடப் பேசறதில்ல. அப்பாகிட்ட நானே எல்லாத்தையும் சொன்னேன். அவரு, "அந்தத் தம்பி எந்த ஊருன்னான்?"னு மட்டும் கேட்டாரு. லால்குடின்னேன். மறுநாள் காலையில, "லால்குடி வரைக்கும் போயிட்டு வரேன் பாப்பா"ன்னு கிளம்பிட்டாரு. வீட்ல இவ்வளவு பெரிய பிரச்சனை, இவருக்கு ஊர் சுத்தணும்! கரண்ட் ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவர் யாரோ அங்க இருக்காராம். நான் கேள்விப்பட்டதே இல்ல. அதுக்கப்புறமும் ரெண்டு தடவை போனாரு. ஒரு தடவை வரும்போது கை நிறைய வாழைப்பூ. யாரோ குடுத்தாங்களாம்.

போன வாரம் என் ஃப்ரெண்டு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா. ஜாஸ்லின் ஸ்டேட்டஸ். எனக்குத் தெரியாத மாதிரி மறைச்சு வச்சிருக்கா, என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல். மாலையும் கழுத்துமா இவங்க ரெண்டு பேரு. பக்கத்துல, நெத்தி பூரா விபூதியோட, சலவை வேட்டி கட்டிக்கிட்டு, ஈன்னு சிரிச்சுக்கிட்டு... எங்கப்பா! சாட்சிக் கையெழுத்து போட்டிருக்காருங்க! வீடு வாங்கிக் குடுத்தது நான், தெருவோட சண்டை போட்டது நான், குங்குமம் குடுத்தது நான். சாட்சிக்குக் கூப்பிட்டது, வேணாம்னு சொன்ன ஆளை! அதுலயும் கூத்து, அவளே அடியில எழுதியிருக்கா, ராகுகாலம் முடியற வரைக்கும் எல்லாரையும் வெளிய மரத்தடியில நிக்க வச்சிருக்காரு. உள்ள ஆபீசர் கத்திக்கிட்டு இருக்காராம், இவர் அசையலையாம். தாலி கிடையாது, மந்திரம் கிடையாது, ராகுகாலம் மட்டும் பார்க்கணுமாம். இப்படி ஒரு குழப்படி மனுஷனை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

கேட்டேன். நேருக்கு நேரா கேட்டேன். "உங்களுக்குத்தான் அவங்களைப் பிடிக்காதே, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போனீங்க?"ன்னு. பேப்பரை மடிச்சு வச்சாரு. "நான் எப்ப பாப்பா பிடிக்காதுன்னேன்? ஆடி வேணாம்னுதானே சொன்னேன்?"

பார்த்தீங்களா! இன்னும் அதே பல்லவி!

இன்னிக்குக் காலையில காலி பண்ணிட்டாங்க. வயலூர் ரோட்டுல வீடு பிடிச்சிருக்காங்க. மார்கழி பொறக்கறதுக்குள்ள போயிடணுமாம். யார் சொல்லிக் குடுத்தாங்களோ. அப்பாவும் அந்த வண்டியிலேயே டிரைவர் பக்கத்துல ஏறி உக்காந்து போயிட்டாரு. சாமான் இறக்க ஒத்தாசையாம். இந்த வயசுல என்னத்தைத் தூக்கப் போறாரு? மடியில ஒரு மஞ்சப்பை வேற, அதைக் கீழகூட வைக்கல.

சரி விடுங்க, நம்ம கதைக்கு வருவோம். நீங்க நிம்மதியா இருக்கலாம். உங்களைப் பார்க்க யாரு வந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. முன்கூட்டி யாரு, என்ன உறவுன்னு ஒரு மெசேஜ் போட்டுட்டாப் போதும்.

என்னது? அப்பா நம்பரா? எதுக்குங்க? வாடகை, அட்வான்ஸ் எல்லாம் நான்தான் பேசறது. இல்லைங்க, அவரைக் கேட்டா ஆடி, மார்கழின்னு உயிரை வாங்குவாரு. ஏன், என்கிட்ட பேசறதுல என்ன? சரி சரி, நானே போட்டுத் தரேன். ஸ்பீக்கர்லயே போடறேன், எனக்கு ஒளிவு மறைவு கிடையாது.

அப்பா! மாடிய பார்க்க ஒருத்தங்க வந்திருக்காங்க, உங்ககிட்ட பேசணுமாம்... என்ன சத்தம் அங்க? யாரு சிரிக்கறா? யாருப்பா அந்த ஆம்பளைக் குரல், அவ அண்ணனா? லால்குடிக்காரனா? அங்க எப்படி வந்தான்? என்னது, அவங்கம்மாவும் வந்திருக்காங்களா?

கேட்டுச்சாங்க உங்களுக்கு? பின்னாடி, "அப்பா, பால் பொங்குது, ஓடி வாங்க"ன்னு ஒரு குரல். அது ஜாஸ்லின் குரல்ங்க. எங்க வீட்ல இருந்த வரைக்கும் அங்கிள், அங்கிள்னுதான் கூப்பிடுவா.

ஹலோ... அப்பா... அந்தச் செம்பு அம்மாவோடதுப்பா. ஆங்? இவங்களா? யாரோ, போர்டு பார்த்துட்டு வந்தாங்க. பேரா? தெரியல. இல்ல, கேக்கல. கேக்கலப்பா! முழுசா கதை சொல்லிட்டேன், பேர் கேக்கல. அதுல என்ன இப்ப? ஹலோ?

வச்சுட்டாரு. பால் வழியுதாம்.

என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? பாத்ரூம் பார்க்கலையே இன்னும். மொட்டைமாடி இருக்கு. கண்டிஷன் எதுவும் இல்லைன்னு சொன்னேன்ல? செருப்பை ஏன் மாட்டறீங்க? ஏங்க... மூணாவது படி, மூணாவது படி, பார்த்து!

ஏங்க, உங்க பேரையாவது சொல்லிட்டுப் போங்களேன்.